வன்னி வீதிக்கு எந்தக் கியர்: சிமானோவா, ஸ்ராமா, கம்பன்யோலோவா?

வன்னியில் மலை இல்லை. வவுனியாவில் இருந்து ஆனையிறவு வரை ஏ9 வீதியில் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது. எங்களுக்கு மலை காற்றுத்தான். சோழகம் எழும்பிய பிறகு பரந்தனில் இருந்து பூநகரிப் பக்கம் சைக்கிளைத் திருப்பியவருக்கு அது தெரியும். அதோடு கிரவல் வீதிகளின் செம்புழுதி, மாரியில் சேறு, ஆனையிறவு உப்பளத்தை ஒட்டி வரும் உப்புக்காற்று. அல்ப்ஸ் மலையில் ஏறிப் பார்த்தவர்கள் "இதுதான் நல்ல கியர்" என்று சொல்வது இங்கே பாதிதான் பொருந்தும். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் ரோட் பைக் ஓட்ட விரும்பும் பெரும்பாலானோருக்குக் கேபிளில் இயங்கும் 8 அல்லது 9 வேகச் (பின்னால் 8 அல்லது 9 பற்சக்கரம் உள்ள) சிமானோ போதும். ஆனால் அதோடு வரும் கசெற்றை, அதாவது பின்சக்கரத்தில் அடுக்காக இருக்கும் பற்சக்கரங்களை, அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சிமானோ 1921-இல் ஜப்பானின் சகாய் நகரில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய நிறுவனம். லீவரை ஒரு கிளிக் தட்டினால் ஒரு பற்சக்கரம் மாறும் முறையை 1984-இல் தன் டூரா ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. இன்று எங்களுக்குக் கிட்டக்கூடிய வரிசைகள் கிளாரிஸ் (8 வேகம்), சோரா (9), டியாக்ரா (10), அதற்கு மேலே 105. இவற்றில் முதல் இரண்டையும் நான் விரும்புவதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. 8 வேகச் செயினும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடும் 6, 7 வேகக் கியர் சைக்கிளின் செயினும் ஒன்றுதான். செயினைப் பற்சக்கரத்துக்குப் பற்சக்கரம் தள்ளும் பின் டிரெய்லியர் உடைந்தால், சாதாரண மவுண்டன் பைக்கில் இருக்கும் 7 வேகச் சிமானோ டூர்னியைக் கழற்றிப் பூட்டினாலும் கிளாரிஸ், சோரா லீவர்கள் அதை ஒழுங்காக இழுக்கும். கேபிளை இழுக்கும் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதே காரணம். ஒட்டுசுட்டானில் கியர் உடைந்து நிற்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள். டியாக்ரா 4700-இல் இந்த உறவு முறிகிறது. அது 10 வேகம்தான், ஆனால் இழுப்பு அளவு 11 வேகத்தோடு சேர்ந்தது; பழைய 10 வேக டிரெய்லியரோடு ஒத்துப்போகாது.

இனிக் கசெற். கிளாரிஸ் பைக்குகளில் பெரும்பாலும் வருவது 11-32. அதன் சக்கரங்களில் உள்ள பற்கள் சிறியதில் இருந்து பெரியது வரை 11, 13, 15, 18, 21, 24, 28, 32. ஏற்றம் உள்ள நாட்டுக்கு இது நல்லது. ஆனால் எதிர்க்காற்றில் 15 பல் சக்கரத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்துக்கொண்டு போகிறவர், வேகம் குறையாமல் 18-க்கு மாற்றினால் கால் 96 சுற்று சுற்ற வேண்டும். ஒன்று கனம், மற்றது வெறும் ஓட்டம். இடையில் நிற்க இடம் இல்லை. காற்று ஒரு சீராக அடிப்பதில்லை, பனைக்கூடல் வந்தால் தணியும், வெளி வந்தால் அறையும். அதனால் இந்த இடைவெளி காலை அறுத்துவிடும். அதே 8 வேகத்தில் 12-25 கசெற் கிடைக்கிறது: 12, 13, 15, 17, 19, 21, 23, 25. இப்போது 80 சுற்று 91-தான் ஆகிறது. 9 வேகத்து 12-25 என்றால் 12-இல் இருந்து 15 வரை ஒவ்வொரு பல்லாகவே போகும். 28, 32 பல் சக்கரங்களை வன்னியில் யாருக்காக வைத்திருப்பது? சாமான் கட்டிக்கொண்டு கண்டிப் பக்கம் போகிறவர் மட்டும் அகலமான கசெற்றை வைத்திருக்கட்டும்.

இந்த விசயத்தில் ஸ்ராம் உண்மையில் முன்னுக்கு நிற்கிறது என்பதை மறைக்க முடியாது. 1987-இல் சிகாகோவில் தொடங்கிய இந்த நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த 12 வேக அக்சஸ் வரிசையில் கசெற் 10 பல் சக்கரத்தில் தொடங்கும். அதன் 10-28-இல் 10 முதல் 17 வரை ஒரு பல்லும் விடுபடாது. காற்றுக்கு இதைவிட அழகான கசெற்றை நான் காணவில்லை. ஆனால் அது பற்றரியில் இயங்கும் இலத்திரனியல் கியர், பின்சக்கரத்தின் நடுவில் தனி வகை ஹப் வேண்டும், விலையும் எங்கள் கைக்கு எட்டாது. கேபிளில் ஸ்ராம் கொடுத்த டபுள் டாப், ஒரே லீவரைக் கொஞ்சம் தள்ளினால் ஒரு பக்கமும் கூடத் தள்ளினால் மறுபக்கமும் மாற்றும் எளிய ஏற்பாடு. பழைய பைக்குகளில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. புதிதாகக் கேபிளில் வேண்டும் என்றால் 2023-இல் வந்த ஏபெக்ஸ் இருக்கிறது. அதில் மிதிப் பக்கம் ஒரே பற்சக்கரம், பின்னால் 11-44. எங்கள் காற்றுக்கு அது நேர் எதிர்.

ஸ்ராமுக்கு இன்னொரு புள்ளி போட வேண்டும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் ஹைட்ரோலிக் பிரேக்குக்கு டொட் 5.1 அல்லது டொட் 4 என்ற பிரேக் திரவத்தை ஊற்றலாம். டொட் 4 மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். சிமானோ, கம்பன்யோலோ இரண்டும் மினரல் ஒயில். அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். டொட் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மாரி முடிந்ததும் மாற்றுவது நல்லது. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப் பிரேக்கே போய்விடும்.

கம்பன்யோலோ 1933-இல் இத்தாலியின் விச்சென்சாவில் தொடங்கியது. பெருவிரலால் ஒரு பொத்தானை அமத்தினால் பல பற்சக்கரங்களை ஒரே தட்டில் தாண்டலாம். திடீரென்று காற்று திரும்பும்போது கைக்கு இதமான ஏற்பாடு. பழைய 9, 10 வேக எர்கோபவர் லீவர்களைப் பிரித்து, உள்ளே தேய்ந்த சுருளை மட்டும் மாற்றிப் பூட்டலாம். சிமானோ லீவர் பழுதானால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டும். திருத்தித் திருத்தி ஓடுவதே வழக்கமான எங்கள் ஊருக்கு இந்த எண்ணம் எவ்வளவு பொருத்தம்! ஆனால் அந்தச் சுருளை எங்கே வாங்குவது? கசெற்றின் பொருத்துவாய் வேறு, 11 வேகச் செயினைப் பூட்டத் தனி ஆயுதம். சுவிசிலோ இத்தாலியிலோ இருக்கும் சொந்தம் ஒருவர் ஊருக்கு வரும்போது எல்லாம் கொண்டுவருவார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சிமானோவிலும் குறை உண்டு. 11 வேக லீவர்களின் உள்ளே கேபிள் வளையும் இடத்தில் நார் நாராகப் பிரிந்து அறும். அறுந்த துண்டு உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. வருடம் ஒருமுறை, சத்தம் வரும் முன்பே, கேபிளை மாற்றுங்கள். 2012-க்கும் 2019-க்கும் இடையில் செய்யப்பட்ட மேல் வரிசைகளான 11 வேக அல்டெக்ரா, டூரா ஏஸின் கிராங்குகளில் (மிதி பூட்டும் கைகளில்) ஒட்டு விடுபடும் குறைக்காகச் சிமானோ 2023-இல் சோதனைக்கு அழைத்தது. வெளிநாட்டில் இருந்து வரும் பழைய பைக்கில் இந்தக் கிராங்க் இருந்தால், ஓடும் முன்பு ஒட்டிய இரண்டு பாகமும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இலத்திரனியல் கியரை மாற்றும் சுகம் தனிதான். சேறு கேபிளுக்குள் போகும் தொல்லை இல்லை. ஆனால் சிமானோவின் இலத்திரனியல் கியரான டிஐ2-இன் பற்றரி சட்டத்துக்குள்ளே இருக்கிறது. ஸ்ராமின் பற்றரியைக் கழற்றிச் சாச் பண்ணலாம், ஒன்றை மேலதிகமாக வைத்திருக்கலாம். இரண்டில் ஒன்று என்றால் நான் ஸ்ராமை எடுப்பேன். இந்த மூன்றுக்கும் வெளியே கியர் செய்பவர்களும் உண்டு. மைக்ரோஷிப்ட் தாய்வான் நிறுவனம். அதன் லீவர்களில் பல சிமானோ டிரெய்லியரோடு சேர்ந்து இயங்கும். சோரா லீவர் உடைந்தவருக்கு நல்ல மாற்று. சீனாவின் சென்சா, எல்டூ விலையில் மலிவு, ஆனால் ஒன்றோடு ஒன்று கலந்து பூட்டும் முன் இழுப்பு அளவை விசாரியுங்கள்.

எதை வாங்கினாலும், டிரெய்லியரின் பின்புறத்தில் பொறித்திருக்கும் மாதிரி இலக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லியர் தொங்கும் அந்தச் சிறிய அலுமினியத் துண்டு கியர் நிறுவனத்தோடு சேர்ந்ததில்லை, சட்டத்துக்குச் சட்டம் மாறும். பைக் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். பைக்கோடு சேர்த்து அதில் இன்னொன்றையும் கேட்டு வாங்கிச் சீற்றுக்குக் கீழே போட்டு வையுங்கள்.