நாயை போர்டிங்கில் விடும் முன் ராத்திரி ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் இடம் புக் பண்ணுங்கள். ஆவணியில் மச்சினன் கல்யாணத்துக்குத் தென்காசி போனபோது எங்கள் முறுக்கை (நாட்டு நாய், 4 வயது, வால் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர்) சென்னையிலேயே ஒரு போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) 4 ராத்திரி விட்டோம். நாளுக்கு 800 ரூபாய். பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை.

நேரில் போய்ப் பார்க்காமல் விடவில்லை. ஞாயிறு காலை 11 மணிக்குப் போனோம். புல்தரை, குட்டி நீச்சல் தொட்டி, ஏசி ரூம், போதாததற்கு அங்கிருந்த பெண்மணி முறுக்கின் காதைச் சொறிந்துகொண்டே "ராத்திரியும் கூடவே ஆள் படுப்பாங்க சார்" என்றார். விழுந்துவிட்டோம். தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன், "பரவாயில்ல சார், வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் நாய்க்குக் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாய்க்கு மட்டும் கேட்டிருப்பார்களா? கென்னல் காஃப் என்ற நாய் இருமல் நோய் இருமலிலேயே பரவும், ரத்தப் பேதியில் கொண்டுபோய் விடும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

தினமும் போட்டோ வந்தது. மூன்றாம் நாள் மண்டபத்தில் உட்கார்ந்து என் மனைவி போனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மூணு நாளும் அதே கிண்ணம், பக்கத்துல அதே காஞ்ச இலை கிடக்குதே" என்றாள். முதல் நாளே மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு தவணை முறையில் அனுப்பியிருக்கிறார்கள்! வீடியோ கால் கேட்டால் "குழந்தை தூங்குது மேடம்". அப்போது மணி சாயங்காலம் ஆறு.

திரும்பி வந்தபோது பஸ் சீக்கிரமே வந்துவிட, சொல்லாமல் கொள்ளாமல் காலை ஐந்தரைக்கு அங்கே போய் நின்றோம். கேட்டில் பூட்டு, உள்ளே குரைப்புச் சத்தம் மட்டும். எதிர் டீக்கடைக்காரர்தான் சொன்னார், ராத்திரி எட்டரைக்குப் பூட்டினால் காலை ஏழுக்குத்தான் ஆள் வருமாம். ஏழேகாலுக்கு ஒரு பையன் வந்து திறந்தான், ஏசி ரூமில் ஒரு நாய்கூட இல்லை, எல்லாம் பின்னால் தகரக் கொட்டகையில், ஈரத் தரையில், கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடியில். நாங்கள் கொடுத்த தீனிப் பையின் சீல்கூட உடைக்கப்படவில்லை. 18 கிலோ இருந்த முறுக்கு 16 கிலோவாகத் திரும்பியது, அந்த வால் இரண்டு நாள் சுருளவே இல்லை.

பத்து நாளில் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டது. ஈறு வெளுத்து, காய்ச்சல் 104. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல், எர்லிச்சியா. 2 லட்சமாவது இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) 38,000. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள், இன்னும் 9 நாள் பாக்கி. உண்ணி அங்கேதான் ஏறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது, தெருவில் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும் என்று டாக்டர் சொன்னதையும் அந்தக் கொட்டகையையும் சேர்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கேட்டால், நான் கையெழுத்துப் போட்ட தாளையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், "எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. கூடவே அடுத்த முறைக்கு 20 சதவீதம் தள்ளுபடியாம்! நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

நீங்கள் போவதானால் பகலில் போய்ப் புல்தரையைப் பார்த்து மயங்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போங்கள், ஆள் எங்கே படுக்கிறார், அவருடைய பாய் எங்கே என்று கேளுங்கள், நாய் தூங்கும் கூண்டைக் காட்டச் சொல்லுங்கள், நடுராத்திரி உடம்புக்கு வந்தால் எந்த டாக்டரைக் கூப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். உண்ணி மருந்தை முன்கூட்டியே போட்டுவிட்டு அனுப்புங்கள், நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன், அது என் தப்புதான்.

தீபாவளிக்கு மனைவியும் பிள்ளைகளும் ஊருக்குப் போகிறார்கள். நானும் முறுக்கும் இங்கேதான், வெடி ஆரம்பித்ததும் அது கட்டிலுக்கடியில் போய்விடும்.