பீளமேட்டு விவாத வகுப்பு: எட்டு ஞாயிறுகளுக்குப் பின்

கோவை பீளமேட்டில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் நடக்கும் விவாத வகுப்புக்கு என் மகளை எட்டு வாரம் அழைத்துச் சென்றேன். அமெரிக்காவில் சட்டமோ பொதுக்கொள்கையோ படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கான வகுப்பு அது. கட்டணம் 6,000 ரூபாய். நாங்கள் திருப்பூரிலிருந்து வருவதால் என்னைப் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள். அதனால் ஒரு வகுப்பையும் விடாமல் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் பலம் அதன் முறையில் இருக்கிறது. எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டே முடிவு செய்கிறார்கள். பிறகு அந்த வாரத்து அமெரிக்க வழக்கின் தீர்ப்பிலிருந்து சில பகுதிகளைப் படிக்க இருபது நிமிடம் தருகிறார்கள். அரசமைப்பின் வாசகத்தையோ தீர்ப்பின் பத்தியையோ காட்டாமல் சொல்லப்படும் எந்த வாதத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

மூன்றாம் வாரம் கொடி எரிப்பு வழக்கு. பொள்ளாச்சியிலிருந்து வரும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் தனக்கு வந்த சீட்டை நான்காக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, "கொடியை எரிச்சவனுக்காக என்னால பேச முடியாதுங்க சார்" என்றான். "எரிச்சது சரின்னு பேசச் சொல்லலீங்க தம்பி. அதுக்காக அவனை ஜெயில்ல போடலாமான்னு மட்டும் பேசுங்க" என்றார் ஆசிரியர். பையன் படித்தான், எழுந்து பேசினான். 1984இல் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது கொடியை எரித்த கிரெகரி லீ ஜான்சனுக்கு ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டதையும், 1989இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தண்டனை செல்லாது என்றதையும், பழமைவாதியான நீதிபதி ஸ்கேலியாவே பெரும்பான்மையுடன் நின்றதையும் வரிசையாக வைத்தான். எதிரே பேசிய மாணவி தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட்டின் மாறுபட்ட தீர்ப்பைக் கையில் எடுத்து அவனைத் திணறடித்தாள். அதே குற்றத்துக்கு நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதையும், நம் அரசமைப்பின் 19(2) பிரிவு பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட, பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில் அப்படியொரு பட்டியலே இல்லை என்பதையும் ஆசிரியர் பிறகு விளக்கியபோது, எனக்கே பல வருடக் குழப்பம் தீர்ந்தது.

பிறப்புவழிக் குடியுரிமை வகுப்பில் பெற்றோரும் மூச்சுவிடாமல் கேட்டோம். எச்-1பி எனும் அமெரிக்க வேலை விசாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். என் அக்கா மகளும் அப்படித்தான் டெக்சாஸில் இருக்கிறாள். அமெரிக்க மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தரும், 1868இல் வந்த பதினான்காம் திருத்தம், சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்குக்குச் சாதகமான 1898ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கும் அந்தக் குடியுரிமையை மறுக்கும் 2025 ஜனவரி 20ஆம் தேதியின் அதிபர் நிர்வாக ஆணை என்று படிப்படியாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூனில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுவதற்கும் தடை விதிக்கும் அதிகாரத்தைப் பற்றியதே தவிர, ஆணை சரியா தவறா என்று சொல்லவில்லை என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது செய்தித் தொலைக்காட்சிகளில்கூட நான் காணாத கவனம்.

இட ஒதுக்கீட்டு வகுப்பில் பிள்ளைகள் தாமாகவே வேகம் பிடித்தார்கள். ஹார்வர்டு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததும், கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை 1951இல் செல்லாது என்று ஆனதும் அவர்களுக்கு ஒரே கதையாகத் தெரிந்தன. ஆனால் இங்கே ஈரோட்டுப் பெரியாரின் போராட்டத்தை அடுத்து அதே ஆண்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தர வழிவிடும் 15(4) பிரிவு அரசமைப்பில் சேர்ந்துவிட்டது. அங்கே அப்படித் திருத்துவதற்கு 50 மாநிலங்களில் 38 இசைய வேண்டும். துப்பாக்கி உரிமை வகுப்பு சுமார்தான்.

இனிக் குறைகள். கருக்கலைப்பு உரிமைக்கான கையேடு 1973, 1992 தீர்ப்புகளோடு நின்றுவிட்டது. அவற்றை ரத்து செய்த 2022 ஜூன் தீர்ப்பு அதில் இல்லவே இல்லை. என் மகள் சுட்டிக்காட்டிய பிறகுதான் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குள் நுழையப்போகும் பிள்ளைகளுக்குச் செத்துப்போன சட்டத்தைச் சொல்லித் தருவது மன்னிக்கக்கூடிய பிழை அன்று. மாநிலச் சட்டம் எது, கூட்டாட்சிச் சட்டம் எது என்பதையும் போகிற போக்கில் தாண்டிவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்ற விதியும் தளர வேண்டும். கோபியிலிருந்து வந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு நின்றாள். இடைவேளையில் அதே வாதத்தைத் தமிழில் என் மகளிடம் அவள் அடுக்கிய விதம் அன்றைய மேடைப் பேச்சுகள் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

மகளுக்குச் செலவழித்த பணம் வீண் போகவில்லை. அடுத்த அணியில் மகனையும் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். திருத்திய கையேட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பணம் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.