ஆறு மாத டிபி மாத்திரை: ஐந்துக்கு நான்கு

சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வாரம் விடாத இருமலை இரும்புத் தூசி என்றே நினைத்தேன். சளியைச் சோதித்தால் டிபி. எங்கள் ஏரியா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதமும் மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன். போகலாமா, தனியாரில் பார்க்கலாமா என்று குழம்புகிறவர்களுக்காக இது.

மாத்திரை, சோதனை எதற்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நாலு மருந்தைச் சேர்த்துச் செய்த மாத்திரை. என் எடை 56 கிலோ, அதனால் காலையில் வெறும் வயிற்றில் 4. இரண்டு மாதம் கழித்து மூன்று மருந்து மாத்திரை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு கலரில் போனதும் ரத்தம்தான் என்று பதறிவிட்டேன். அந்த நாலு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் செய்கிற வேலையாம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது வாரத்தில் இருமல் நின்றது, நன்றாகப் பசித்தது. "இனிமேலும் எதற்கும்மா?" என்று மருந்து கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். அது ஓபி சீட்டைத் திருப்பி ஒரு வட்டம் போட்டது. "அண்ணே, இது வெள்ளை அணு. கிருமியை விழுங்கி ஒரு பையில் போட்டுக்கும். அமிலம் இருக்கிற இன்னொரு பை வந்து அதோடு சேர்ந்தால் கிருமி கரைஞ்சிடும். டிபி கிருமி அந்த ரெண்டு பையையும் சேரவிடாது. போலீஸ் ஸ்டேஷன் உள்ளேயே திருடன் குடியிருக்கிற மாதிரி."

சுற்றி மற்ற அணுக்கள் கூடி அதை அடைத்து வைக்குமாம். உள்ளே சில கிருமிகள் பெருகாமல் தூங்கும். வேகமாகப் பெருகுவதைத்தான் மருந்து சீக்கிரம் கொல்லும். தூங்குவதைத் தீர்க்க மாதக் கணக்காகும். அதன் மேல்தோலில் மெழுகு வேறு. கிரீஸ் பூசிய சாமானில் தண்ணீர் நிற்காது, நமக்குத் தெரியாததா! குடலில் இருக்கும் ஈ கோலை என்ற கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு 20 மணி நேரம் போல ஆகும். அவசரமே இல்லாத ஜென்மம். அந்தப் படத்தைப் பார்த்திராவிட்டால் சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன்? 9 மணிக்குத் திறக்க வேண்டிய கவுண்டருக்கு 10 மணி தாண்டித்தான் சாவி வரும். ஒருமுறை ஸ்டாக் இல்லை என்று 5 நாள் மாத்திரைதான் கிடைத்தது, வேலையை விட்டு மறுபடி அலைந்தேன். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் அரசு தருகிறது. எனக்கு முதல் பணம் ஏறியதே மூன்றாவது மாதம்தான். பாஸ்புக் ஜெராக்ஸை மட்டும் மூன்று தடவை கொடுத்தேன்.

ஆனால் வீட்டுக்கே வந்து மனைவியையும் பையனையும் சோதித்துவிட்டுப் போனார்கள். அதை நான் கேட்கவே இல்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள். சுகர், பிரஷர் மாத்திரைக் கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான்.