அமத்திப் பிடிக்கிற விளையாட்டு: மைன்கிராஃப்டில் கீபோட், மவுஸ், கொன்ட்ரோலர்

மைன்கிராஃப்டுக்கு எந்த மவுஸ் வாங்கலாம், கொன்ட்ரோலர் சரிவருமா என்று கேட்கிற பொடியள் முதலில் பார்ப்பது பட்டனின் வேகத்தையும் பெட்டியில் அடித்திருக்கிற டி.பி.ஐ. எண்ணையும்தான் (மவுஸின் உணர்திறனைச் சொல்கிற எண்). இரண்டும் இங்கே பெரிய விசயமில்லை. இந்த விளையாட்டில் பட்டனைத் தட்டுகிற நேரத்தைவிட அமத்திப் பிடித்திருக்கிற நேரம் கூட. கல்லுடைக்க இடது பட்டன், சாப்பிட வலது பட்டன் 1.6 செக்கன், வில்லை முழுதாக இழுக்க 1 செக்கன், விளிம்பில் விழாமல் நிற்க ஷிப்ட். கல்லுடைக்கிறதிலும் சாப்பிடுகிறதிலும் விரல் ஒரு கணம் எழும்பினால் வேலை முதலிலிருந்து தொடங்கும். ஒரு சாமான் நல்லதோ கூடாதோ என்பது அது எவ்வளவு நேரம் பிடி விடாமல் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மைன்கிராஃப்ட் ஜாவா, பெட்ரொக் என்று இரண்டு பதிப்பாக வருகிறது. கீழே உள்ளது பெரும்பாலும் ஜாவா பதிப்பைப் பற்றியது. பெட்ரொக் வித்தியாசப்படுகிற இடத்தில் அது தனியாக வரும். 2022 முதல் கொம்பியூட்டருக்கு இரண்டும் சேர்த்தே விற்கப்படுவதால், அதற்குப் பிறகு வாங்கியவர்கள் இரண்டையும் பாவித்துப் பார்க்கலாம்.

மவுஸைச் சோதிக்க ஒப்சிடியன் என்கிற கடினமான கறுப்புக் கட்டை காணும். மந்திரம் ஏற்றாத வைரப் பிக்கானால் ஒரு கட்டையை எடுக்க 9.4 செக்கன். நெதர் என்கிற மற்ற உலகத்துக்குப் போகிற வாசலுக்கு மூலைகளை விட்டாலும் 10 கட்டை வேண்டும், அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இடது பட்டனில் விரல். பழசான மவுஸில் நடப்பது இதுதான்: கட்டையில் வெடிப்புக் கோடுகள் படர்ந்து வரும், எட்டாவது செக்கனில் எல்லாம் மறைந்து கட்டை பழையபடி முழுதாக நிற்கும். விரல் எடுபடவில்லை. உள்ளே இருக்கிற மைக்ரோ சுவிட்சின் செப்புத் தகடு தேய்ந்து அல்லது களிம்பு பிடித்து, ஒரு கணம் தொடர்பை விட்டிருக்கும். சேர்வர் இழுக்கிறது, இன்ரர்நெற் சரியில்லை என்று பலர் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். உறுதிப்படுத்த விண்டோஸ் பெயின்ற்றைத் திறந்து, இடது பட்டனை விடாமல் 20 செக்கன் சுற்றிச் சுற்றிக் கோடு கீறவும். கோடு எங்காவது அறுந்தால் சுவிட்ச்தான் பிழை.

யாழ்ப்பாணத்தில் இது கெதியாக வரும். குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று தகட்டைத் தின்னும். வலிகாமப் பக்கம் செம்மண் புழுதி மவுஸின் உருட்டுச் சில்லுக்குள் போகும். சில்லுக்குள் புழுதி போனால் அடையாளம் வேறு: கீழே ஒரு பல் உருட்டினால் கையிருப்பு வரிசை (திரையின் அடியில் இருக்கிற 9 பெட்டி) இரண்டு பெட்டி தாண்டும், அல்லது ஒன்று முன்னே போய் ஒன்று பின்னே வரும். வாள் என்று நினைத்துப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, கிட்ட வந்து வெடிக்கிற கிரீப்பருக்கு முன்னால் நிற்பது இப்படித்தான்.

திருத்துவது கஷ்டமில்லை. அடியில் ஒட்டியிருக்கிற வழுக்குப் பாதங்களை ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடாக்கி நகத்தால் கிளப்பினால் கீழே ஸ்குறூ தெரியும். சில்லின் பக்கத்தை, வயரைக் கழற்றிவிட்டு, பார்மசியில் வாங்குகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடலாம். சுவிட்ச் போனால் துடைப்பது சில கிழமைகளுக்குத்தான் தாங்கும். அது மூன்று கால் உள்ள சின்னப் பெட்டி. அதே அளவில் ஒன்றை எடுத்து, போன் திருத்துகிற கடையில் ஈயம் வைத்து மாற்றுவதே நிலையான வழி. மலிவு மவுஸ் என்றால் மாற்றுக்கூலியைப் பார்த்துவிட்டுப் புதிதே வாங்கலாம்.

சண்டையில் இடது பட்டனைப் படபடவென்று அடிப்பதை மறந்துவிட வேண்டும். ஜாவாவில் 2016இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஆயுதம் திரும்ப ஏறவேண்டும். வாளுக்குச் செக்கனுக்கு 1.6 அடிதான் முழுப் பலத்தோடு விழும். பெட்ரொக்கில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனாலும் அடி வாங்கிய உயிர் அரைச் செக்கனுக்கு அடுத்த அதேயளவு அடியை ஏற்காது. வேகமாக அடித்துத் தேய்வது சுவிட்ச் மட்டும்.

கீபோட்டில் பாரமெல்லாம் இடது சின்னிவிரலுக்கு. குனிய ஷிப்ட், ஓடக் கொன்ட்ரோல், இரண்டும் அதற்கே. குனிந்து போகிற வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.3 கட்டை, நடை 4.3, ஓட்டம் 5.6. நூறு கட்டைப் பாலம் ஒன்றைக் குனிந்தபடி கட்டி முடிக்க ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் அந்த விரல் அசையாமல் நிற்கவேண்டும். ஓட்டத்தை மட்டும் அந்த விரலிலிருந்து எடுத்தாலே பெரிய ஆறுதல். கொன்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஓட்டத்தை ‘ரொகிள்’ என்று மாற்றினால் ஒருமுறை தட்டினால் காணும். மவுஸின் பக்கவாட்டில் பட்டன் இருந்தால் ஓட்டத்தை அதற்கே கொடுத்துவிடலாம். டபிள்யூவை இரண்டு தரம் தட்டினாலும் ஓடும், ஆனால் விளிம்பில் கால் சரிசெய்கிற நேரத்தில் தெரியாமல் ஓடி விழ அதுதான் காரணம். இன்னொன்று: பசி வரிசையில் மூன்று இறைச்சித் துண்டோ அதற்குக் குறைவோ இருந்தால் எந்த விசையை அமத்தினாலும் ஓடாது. கீபோட்டைக் குறை சொல்ல முதல் சாப்பிட்டுப் பார்க்கவும்.

குனிவதை ‘ரொகிள்’ ஆக்குவது அவ்வளவு நல்லதில்லை. குனிந்திருப்பது மறந்துபோகும். கையில் கட்டையோடு பெட்டியைத் திறக்கப் போனால் பெட்டி திறக்காது, கையில் இருந்த கட்டை பெட்டிக்கு மேலேயே ஒட்டிக்கொள்ளும். உலையிலும் மேசையிலும் இதே கதை. விரல் நொந்தாலும் ஷிப்ட் பிடிப்பாகவே இருக்கட்டும்.

ஷிப்டில் விண்டோஸ் வைத்திருக்கிற பொறி வேறு. அடுத்தடுத்து 5 தரம் தட்டினால் ‘ஸ்ரிக்கி கீஸ்’ பெட்டி எழும்பும். பாலம் கட்டும்போது ஷிப்டை விட்டுவிட்டுப் பிடிப்பது வழக்கம் என்பதால் லாவாவுக்கு மேலே நிற்கிற நேரத்தில்தான் அது வரும். தனியாக விளையாடினால் விளையாட்டு நின்று காத்திருக்கும், சேர்வரில் ஒன்றும் காத்திருக்காது. விண்டோஸ் செற்றிங்ஸில் அக்செசிபிலிற்றி, கீபோட் என்று போய் அந்தக் குறுக்குவழியை அணைக்கவும். வலது ஷிப்டை 8 செக்கன் பிடித்தால் வருகிற ‘ஃபில்ரர் கீஸ்’ குறுக்குவழியும் அங்கேதான் இருக்கிறது. இடக்கையர்கள் குனிவதை வலது ஷிப்டுக்கு மாற்றினால் அது கட்டாயம் வரும்.

தமிழில் ரைப் பண்ணுகிற கொம்பியூட்டரில் இன்னொரு சில்லெடுப்பு உண்டு. இடது ஆல்ற்றும் ஷிப்டும் சேர்ந்தால் மொழி மாறும். ஒரே மொழிக்கு இரண்டு விசைப்பலகை வைத்திருந்தால் கொன்ட்ரோலும் ஷிப்டும் சேர்ந்தாலும் மாறும், அதாவது ஓட்டமும் குனிவதும் ஒன்றாக. பிறகு கட்டளை எழுதப் போனால் சாய்கோட்டுக்குப் பிறகு தமிழ் எழுத்து விழும், விளையாட்டு அப்படியொரு கட்டளை இல்லை என்று சொல்லும். ‘அட்வான்ஸ்ட் கீபோட் செற்றிங்ஸ்’ உள்ளே இந்த விசைச் சேர்க்கைகளை எடுத்துவிடலாம், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும். விளையாட்டின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அதற்காக விளையாட்டுக்குள் செய்தி எழுதுகிற ‘சற்’றில் தமிழ் வடிவாக வரும் என்று நினைக்கவேண்டாம். ஜாவாவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும்.

தொடக்க அமைப்பில் உடனே மாற்றவேண்டியது க்யூ. கையில் உள்ளதைக் கீழே போடுகிற அந்த விசை டபிள்யூவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லாவாக் கரையில் விரல் வழுக்கினால் வைரப் பிக்கான் போச்சு. அதை எட்டாத பக்கம் வேறு வேலையில்லாத ஒரு விசைக்கு மாற்றினால் விளையாட்டில் ஒன்றும் குறையாது. கையிருப்பு வரிசையின் 6 முதல் 9 வரை இடக்கைக்கு எட்டாது. ஆர், வி, இசட் மூன்றும் கைக்குப் பக்கம், அவற்றுக்கு 6, 7, 8 கொடுக்கலாம். ஒரே விசை இரண்டு வேலைக்குப் போனால் பட்டியலே அதைக் காட்டும்.

மவுஸ் கொன்ட்ரோலரை அடித்துப் போடுகிற இடம் கைவினை மேசை. 64 பலகையை எடுத்து, இடது பட்டனைப் பிடித்தபடி நடுப்பெட்டியை விட்டுச் சுற்றிலும் 8 பெட்டிக்கு மேலால் இழுத்து விட்டால் ஒவ்வொன்றிலும் 8 விழும். ஷிப்டோடு விளைவைக் கிளிக் பண்ணினால் சாமான் வைக்கிற மரப்பெட்டி 8 ஒரேயடியாகப் பைக்குள் போகும். வலது பட்டனால் இழுத்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று விழும். ஒரு சாமானுக்கு மேலே மவுஸை வைத்து எண் விசையைத் தட்டினால் அது கையிருப்பு வரிசையில் அந்த எண் பெட்டிக்குப் போகும். இந்த நாலும் பழகினால் சாமான் ஒதுக்குகிற நேரம் நல்லாய்க் குறையும்.

லப்டொப்பில் விளையாடுபவர்கள் ரச்பாட்டை நம்பவேண்டாம். விசையை அமத்துகிற நேரம் உள்ளங்கை படும் என்று விண்டோஸ் ரச்பாட்டைச் சற்று நேரம் முடக்கும். டபிள்யூ பிடித்திருந்தால் பார்வை திரும்பாது. ரச்பாட் செற்றிங்ஸில் உணர்திறனை ‘மோஸ்ற் சென்சிற்றிவ்’ ஆக்கினால் விடுபடும், ஆனாலும் இரண்டு பட்டனையும் மாறிமாறிப் பிடிக்கிற வேலைக்கு மலிவு மவுஸ்கூட அதைவிட மேல். விபரத் திரையைக் காட்டுகிற எஃப்3 விசையை அமத்தினால் சத்தம் கூடுகிறதென்றால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். சில மொடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்தால் அது பூட்டிக்கொள்ளும். பாரிஸிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த லப்டொப் என்றால் டபிள்யூ இருக்கவேண்டிய இடத்தில் இசட் இருக்கும், ஏ இடத்தில் க்யூ. விண்டோஸில் அமெரிக்க விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு எழுத்தைப் பாராமல் விரலை வழமையான இடத்தில் வைத்தால் சரி.

கொன்ட்ரோலருக்கு ஜாவாவில் நேரடி இடமில்லை. கொன்ட்ரோலிஃபை மாதிரி மொட் (விளையாட்டோடு சேர்க்கிற வெளி மென்பொருள்) போடவேண்டும். பெட்ரொக் அதை உடனே ஏற்கும்: வலது ரிகர் உடைக்க, இடது ரிகர் வைக்க, மேலுள்ள இரண்டு பட்டனும் வரிசையை நகர்த்த. மலிவுக் கொன்ட்ரோலரில் பிரச்சினை அது பேசுகிற முறை. பழைய டிரெக்ற்இன்புட் வகையைப் பெட்ரொக் காணாது. எக்ஸ்இன்புட் என்று எழுதியிருக்கிறதா, அல்லது முறை மாற்றுகிற சுவிட்ச் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்கவும்.

அமத்திப் பிடிக்கிற வேலைக்கு ரிகர் மவுஸ் பட்டனைவிடச் சுகம். சுட்டுவிரல் மடிந்த நிலையிலேயே ஓய்வாக நிற்கும், சுரங்கம் தோண்டி மணிக்கணக்காய் இருந்தாலும் நோகாது. பண்ணை வெட்டுவது, மலை குடைவது, மீன்பிடிப்பது எல்லாவற்றுக்கும் கொன்ட்ரோலரே மேல். கட்டடம் கட்டவும் பெட்டி ஒதுக்கவும் மவுஸுக்குத் திரும்புவதுதான் புத்தி.

அதன் வியாதி வலது குச்சி தானாக நகர்வது. அடியில் இருக்கிற கரித்தடம் தேயத் தேய, கை தொடாதபோதும் பார்வை ஒரு பக்கம் ஊரும். ஊர்ந்து குறி அடுத்த கட்டைக்குப் போய்விட்டால் பிடித்திருந்த உடைப்பு திரும்பத் தொடங்கும். மவுஸ் சுவிட்ச் செய்கிற அதே அநியாயம். பாவித்த கொன்ட்ரோலரை வாங்குகிறவர்கள் கடையிலேயே விளையாட்டைத் திறந்து, குறியை ஒரு கட்டையின் ஓரத்தில் நிறுத்தி, கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு 1 நிமிடம் பார்க்கவும். பிறகு குச்சியை நாலு பக்கமும் முழுதாகத் தள்ளி விட்டு மறுபடியும் 1 நிமிடம். இரண்டாம் தரம் ஊர்ந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடவும்.