மரப் புரொப்பெல்லரை அடையாளம் காண: சின்னமா, அளவா, குத்தெழுத்தா?

முதல் உலகப் போர்க்கால மரப் புரொப்பெல்லர் ஒன்று கைக்கு வந்தால், அது எந்த விமானத்துக்குச் செய்தது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. புரொப்பெல்லரின் இறக்கையில் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சின்னத்தைப் பார்க்கலாம். டேப் பிடித்து அளந்து பார்க்கலாம். நடுவில் இருக்கும் ஹப்பில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் படிக்கலாம். இங்கிலாந்தில் ஓர் ஏலத்தில் எடுத்த பிரிட்டிஷ் புரொப்பெல்லரை வைத்து மூன்றையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு குத்தெழுத்துக்குத்தான்.

சின்னத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க அழகு. கருடா, ஹைனே, ஆக்ஸியல் போன்ற பெர்லின் கம்பெனிகளின் சின்னம் இருந்தால் ஜெர்மன் சரக்கு என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் செய்தவர் யார் என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. ஒரே கம்பெனி பல எஞ்சின்களுக்குச் செய்திருக்கும். போதாததற்கு, இந்தச் சின்னங்களின் நகல்கள் இன்று புதிதாக அச்சடித்தே விற்பனைக்கு வருகின்றன.

அளவு நேர்மையானது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். ஹப்பின் மையத்திலிருந்து இறக்கை நுனி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் விட்டம் வந்துவிடும். நூறு வருடத்தில் மரம் சுருங்குவது குறுக்குவாட்டில்தான். நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு என்பதால் விட்டத்தை நம்பலாம். வட்டமாக இருந்த நடு ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருப்பதும் இதனால்தான்.

சிக்கல் பிட்சில். ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம் அது. மையத்திலிருந்து முக்கால் பங்கு தூரத்தில் இறக்கையின் சாய்வை அளந்து கணக்கிட வேண்டும். 2600 மி.மீ. விட்டம் என்றால் அந்த இடம் மையத்திலிருந்து 975 மி.மீ. அங்கே சாய்வு 20.6 பாகை இருந்தால் பிட்ச் சுமார் 2300 மி.மீ. கோணமானி ஒரு பாகை பிசகினால் விடை ஏறக்குறைய 120 மி.மீ. மாறிவிடும். முறுக்கிய பழைய மரத்தில் ஒரு பாகை பிசகுவது சர்வசாதாரணம். அந்த வித்தியாசத்துக்குள் வேறொரு டிசைனே வந்து உட்கார்ந்துவிடும்.

இனி குத்தெழுத்து. பிரிட்டிஷ் ஹப்பின் முகத்திலோ பக்கவாட்டிலோ பொதுவாக இவை இருக்கும்: வரைபட எண் (எந்த டிசைன் என்று காட்டுவது), எஞ்சினின் பெயரும் குதிரைசக்தியும், ‘டி’ (D) என்று விட்டம், ‘பி’ (P) என்று பிட்ச் (இரண்டும் மி.மீ.யில்), தயாரிப்பு வரிசை எண், அப்புறம் ஏ.ஐ.டி. என்ற அரசுப் பரிசோதனை முத்திரை. சிலவற்றில் சுற்றும் திசையும் உண்டு. ஜெர்மன் ஹப்பில் குதிரைசக்திக்கு ‘பி.எஸ்.’ (PS), பிட்சுக்கு ‘எஸ்.டி.’ (St) என்று தேட வேண்டும்.

இதில் உயிர்நாடி வரைபட எண். எஞ்சின் பெயர் மட்டும் போதாது. 80 ஹெச்.பி. லே ரோன் என்று படித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த எஞ்சின் சாப்வித் பப்பிலும் இருந்தது, ஆவ்ரோ 504 வகைகளிலும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வரைபட எண்தான். ‘எல்.பி.’ (LP) என்று தொடங்கினால் லாங் என்ற புரொப்பெல்லர் கம்பெனியின் டிசைன். செதுக்கியது வேறு பட்டறையாகவும் இருக்கலாம். போர் நெருக்கடியில் மரச்சாமான் பட்டறைகளுக்கெல்லாம் இந்த வேலை போயிற்று.

எழுத்தையும் போலியாகக் குத்த முடியுமே என்று கேட்கலாம். முடியும். நான் குத்தெழுத்தின் பக்கம் நிற்கக் காரணமே இதற்கான பதில்தான். மூன்று வழிகளில் தன்னைத்தானே சோதிக்க இடம் கொடுப்பது இது ஒன்றுதான். ‘டி’க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை டேப் வைத்து உடனே பார்த்துவிடலாம். ‘பி’யைக் கோணமானி வைத்து ஓரளவு பார்க்கலாம். புதிதாகக் கண்டுபிடிக்கப் பயன்படாத அந்த அளவு, இருக்கும் எண்ணைச் சரிபார்க்கத் தாராளமாகப் போதும். சுற்றும் திசையை இறக்கையின் முறுக்கே காட்டிக்கொடுக்கும். எல்லாம் பொருந்தினால் நம்பலாம். விட்டம் மட்டும் குறைந்தால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுவரில் மாட்டவோ, அடிபட்டதைச் சீராக்கவோ யாராவது நுனியை அறுத்திருக்கலாம். இரண்டு இறக்கைகளையும் தனித்தனியே அளந்து, நுனியின் பித்தளைத் தகட்டையும் பாருங்கள்.

குத்தெழுத்துக்குப் பெரிய எதிரி உப்புத்தாள். தேய்த்து வார்னிஷ் அடித்தால் பளபளக்கும், ஆனால் எழுத்து போய்விடும். விற்கும்போது விலையும் அதோடு போய்விடும். மங்கலான எழுத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும். இல்லையென்றால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுங்கள். ஹப்பைக் குடைந்து கடிகாரம் பதித்திருந்தால் முகத்தில் இருந்த எழுத்து போயிருக்கும். பக்கவாட்டையாவது பார்க்காமல் விடாதீர்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் மட்டும்தான் நான் அளவை முன்னால் வைப்பேன்.

இதெல்லாம் மரத்துக்கு. உலோகத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிற்கால உலோகப் புரொப்பெல்லர்களில் ஹப்புக்கு ஒரு குறியீடு, இறக்கைக்குத் தனிக் குறியீடு. டிசி-3 விமானத்தில் வரும் ‘23இ50’ (23E50) என்ற ஹப்பில் இரண்டாவது இலக்கமான 3, இறக்கைகளின் எண்ணிக்கை. இறக்கையைக் கழற்றி மாற்றலாம் என்பதால் அங்கே இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.