கேம்-கீ கார்டு: செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா?

டிஜிட்டல் கேம் வாங்கினால் அது அக்கவுண்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆடி முடித்ததும் கடையில் பழையதாகப் போட வழியில்லை. கேமை வெளியிடும் பப்ளிஷர் சம்மதித்தால் குறிப்பிட்ட கடைகளில் மட்டும் போடலாம் என்று 2013-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலின் டிஸ்க் கேம்களுக்கே ஒரு திட்டம் வந்தது. கிளம்பிய எதிர்ப்பில் அந்த நிறுவனம் அதை அந்த ஜூனிலேயே சுருட்டிக்கொண்டது. 2025 ஜூனில் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலோடு வந்த கேம்-கீ கார்டு ஒரு இரண்டுங்கெட்டான் சரக்கு. ஆனால் கைமாற்ற முடிகிறது.

கார்டுக்குள் கேம் கிடையாது, சாவிதான். சொருகினால் முழு கேமும் நெட்டிலிருந்து இறங்கும். அதன்பின் நெட் வேண்டாம், ஆனால் ஆடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். சாவி எந்த அக்கவுண்ட்டுக்கும் கன்சோலுக்கும் கட்டுப்பட்டதில்லை. அடுத்தவர் சொருகினால் அவருக்கும் திறக்கும். விற்றவர் கன்சோலில் மிஞ்சும் ஃபைல் கார்டு இல்லாமல் ஓடாது.

பெட்டியின் முன்பக்கம் அடியில் வெள்ளைப் பட்டையும் சாவிப் படமும் இருந்தால் இந்த ரகம். எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் பெட்டியிலேயே இருக்கும். பெட்டி இல்லாமல் வெறும் கார்டாக எடுக்கும் கடைக்காரர் பில்லில் 'கீ கார்டு' என்று எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "உள்ளே கேமே இல்லையே" என்று மறுநாளே ஆள் வந்து நிற்பார். டவுன்லோட் கோடு மட்டும் உள்ள பெட்டி வேறு: கோடு பயன்படுத்தியாகிவிட்டால் அது வெறும் டப்பா.

உண்மையான செலவு இடமும் டேட்டாவும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கீ கார்டுதான், ஏறத்தாழ 50 ஜிபி. 50 எம்பிபிஎஸ் லைனில் இழுக்கக் குறைந்தது இரண்டேகால் மணி நேரம். தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்பினால் 25 நாள்! கன்சோலில் மொத்தமே 256 ஜிபி, அதிலும் சிஸ்டம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இந்த அளவில் ஐந்து கேம் கொள்ளாது. கூடுதல் இடத்துக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டுதான் வேண்டும். பழைய ஸ்விட்ச்சின் சாதா மைக்ரோஎஸ்டியில் கேம் ஏறாது. சைபர்பங்க் 2077 மாதிரி முழு கேமும் கார்டிலேயே வருபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது கடையிலேயே சொருகிப் பாருங்கள். ஹோம் திரையில் ஐகான் வந்து டவுன்லோட் தொடங்கினால் போதும், முழுவதும் இறங்கக் காத்திருக்க வேண்டாம். முந்தையவர் ஆடிச் சேமித்த சேவ் ஃபைல், கார்டோடு வராது. பெட்டிக்குள் இருந்த டிஎல்சி (கேமுக்கான கூடுதல் பகுதி) கோடும் அநேகமாகப் போயிருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

பில்லை மட்டும் தூக்கி எறியாதீர்கள். முந்தைய உரிமையாளர் நகலெடுத்துவிட்டு விற்றதாகக் கருதப்பட்ட பழைய ஸ்விட்ச் கார்டைப் போட்டதால் ஸ்விட்ச் 2 ஆன்லைனில் தடையான சம்பவம் 2025-ல் நடந்தது. கார்டின் படத்தையும் வாங்கிய ஆதாரத்தையும் காட்டியபிறகே தடை நீங்கியது. நம்மூரில் நிண்டெண்டோவுக்கு அதிகாரபூர்வக் கடை இல்லை, எல்லாம் இறக்குமதி. அதனால் பில் இன்னும் முக்கியம்.

முழு கேம் உள்ள பழைய கார்டின் விலையையே கீ கார்டுக்கும் கேட்டால் கொடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் ஆன்லைன் கடைகளும் விற்பனையை நிறுத்தின. வாங்கியதை மறுபடி இறக்க மட்டும் விட்டுவைத்தார்கள். கீ கார்டின் ஆயுளும் கேமை இறக்கித் தரும் நிண்டெண்டோ சர்வர் கையில்தான், பேரம் பேசும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம்.