330ஐ, சி200, ஏ4: நெடுநாள் ஓட்டிய பின் ஓர் ஒப்பீடு

சிறிய சொகுசு செடான் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சில ஆண்டுகளாக பிஎம்டபிள்யூ 330ஐ வைத்திருக்கிறேன். மைத்துனரின் மெர்சிடிஸ் பென்ஸ் சி200, தொழில் கூட்டாளியின் ஆடி ஏ4 ஆகியவற்றையும் நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இன்ஜின் தரும் விசையை வண்டியின் அடித்தளம் எப்படி ஏற்றுச் சாலையில் இறக்குகிறது என்பதே இம்மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது.

ஆயினும் எண்களைச் சொல்லாமல் விட முடியாது. 330ஐ காரின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. நிறுவனக் கணக்கின்படி நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.8 விநாடியில் எட்டுகிறது. 2022இல் இங்கே வந்த புதிய சி கிளாஸின் சி200 வகையில் இருப்பது 1.5 லிட்டர் இன்ஜின். 204 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர். 2021 ஜனவரியில் அறிமுகமான ஏ4, 2 லிட்டர் இன்ஜினில் 190 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தந்தது. பின்னிரண்டும் நூறை எட்ட ஏறத்தாழ 7.3 விநாடி எடுத்துக்கொள்கின்றன. நம் சாலைகளில் நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் தேவை அரிது. நாம் அன்றாடம் கேட்பது, எண்பதில் போகும் லாரியைத் தாண்டி மீண்டும் நம் தடத்துக்கு வருவதற்கான வேகம். அந்த இடத்தில் 330ஐ காரின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, கால் அழுத்தத்தின் அளவைப் பார்த்து இரண்டு மூன்று கியர்களைக் குலுக்கலின்றி இறக்கிவிடுகிறது. முறுக்குவிசை தாழ்ந்த சுழற்சியிலேயே முழுமையாகக் கிடைப்பதால் இன்ஜினை அலறவிட வேண்டியதில்லை. சி200 காரில் இன்ஜினுக்குத் துணையாக உள்ள 48 வோல்ட் மின்மோட்டார் தொடக்கத் தாமதத்தை நிரப்பிவிடுவதால் நகரத்துக்குள் அதன் நகர்வு வெண்ணெய்போல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டும்போது மட்டும் சிறிய இன்ஜின் உழைப்பது காதில் விழுகிறது. ஏ4 காரின் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி வேகத்தில் துல்லியமானது. ஊர்ந்து செல்லும் நெரிசலில் சற்றே தயங்குகிறது. இரட்டை கிளட்ச் அமைப்புகளில் இது பொதுவான இயல்புதான்.

மலைப்பாதையில் வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து ஏலகிரிக்குத் திரும்பினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயரைத் தாங்கிய அந்த வளைவுகளில் மூன்று வண்டிகளையும் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். முன்சக்கர இயக்கம் கொண்ட ஏ4, வளைவின் நடுவில் விசையைக் கூட்டினால் மூக்கை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் ஒரே இரு சக்கரங்களின்மேல் விழுவதே காரணம். சி200 பின்சக்கர இயக்கம் உடையதுதான் என்றாலும், சொகுசுக்காக மென்மையாக்கப்பட்ட சஸ்பென்ஷன் வளைவில் உடலைச் சாயவிடுகிறது. முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப்பாதியாக எடை பகிரப்பட்ட 330ஐ, ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே உள்நோக்கித் திரும்பி, வெளியேறும்போது பின்னாலிருந்து உந்துகிறது. ஸ்போர்ட் என்ற அடைமொழி இந்த ஒரு வண்டிக்கே முழுமையாகப் பொருந்துகிறது.

இதற்கு விலையும் உண்டு. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய, பக்கச்சுவர் விறைப்பான ரன்-பிளாட் டயர்கள் ஒட்டுப்போட்ட சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் இருக்கை வரை கொண்டுவருகின்றன. உயரமான வேகத்தடைகளைக் கோணலாகத்தான் ஏறி இறங்க வேண்டும். முதியோரை அடிக்கடி அழைத்துச் செல்பவர்களுக்கு சி200 காரின் பின்னிருக்கையே உகந்தது. 2021இல் வந்த, இதே வண்டியின் நீளமான வடிவமான கிரான் லிமோசினில் பிஎம்டபிள்யூ சக்கர இடைவெளியை 110 மில்லிமீட்டர் கூட்டியதும் பின்னிருக்கையில் அமர்வோரை எண்ணித்தான்.

தோற்றத்தைப் பொறுத்தவரை ரசனையே நீதிபதி. 330ஐ காரின் பின் ஜன்னல் ஓரத்தில் முன்னோக்கி மடியும் வளைவு, 1961ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 1500 தொட்டு வரும் அடையாளம். இந்தத் தலைமுறையில் அதைக் கண்ணாடியிலிருந்து கூரையைத் தாங்கும் பின்தூணுக்கு மாற்றியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. சி கிளாஸ் தன் பெரிய அண்ணனான எஸ் கிளாஸைச் சுருக்கி வார்த்தது போலிருக்கிறது. அதன் 11.9 அங்குல நெடுந்திரை பார்வைக்கு அழகு. ஆனால் ஏசியைக் கூட்டிக் குறைக்கவும் அதையே தொட வேண்டியிருப்பதால், ஓட்டும்போது கண் சாலையை விட்டு விலகுகிறது. ஏசிக்குத் திருகு குமிழ்களை வைத்திருக்கும் ஏ4 இதில் விவேகமானது. வெளித்தோற்றத்தில் அது அடக்கமான அழகு, அவ்வளவுதான்.

மைலேஜ் குறித்து வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்றிதழ் சொல்வது: லிட்டருக்கு 330ஐ 16.13, சி200 16.9, ஏ4 17.42 கிலோமீட்டர். ஆனால் அச்சோதனை ஏசி ஓடாமல், 90 கிலோமீட்டரைத் தாண்டாத வேகத்தில், ஆய்வகத்துக்குள் நடப்பது. என் வண்டி சென்னை நெரிசலில் எட்டு, ஒன்பதுக்கு மேல் தருவதில்லை. நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டாமல் சென்றால் பதினான்கு, பதினைந்து கிடைக்கிறது. மற்ற இரண்டும் நகரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகத் தருகின்றன. இந்த விலையில் வண்டி வாங்குபவரின் முடிவை அந்த வித்தியாசம் மாற்றும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலே தருவதால், பெட்ரோலில் அதன் 20 சதவீதக் கலப்பு மூன்று வண்டிகளின் மைலேஜையும் ஓரளவு குறைக்கவே செய்யும். ஆண்டு முழுவதும் வெளியூர்ப் பயணம் என்றிருப்பவர்கள் 320டி அல்லது சி220டி போன்ற டீசல் வகைகளைப் பார்ப்பதே பொருத்தம்.

தானே ஓட்ட விரும்புபவருக்கு என் பரிந்துரை, நீளம் கூட்டாத பழைய 330ஐ. அதைப் பயன்படுத்திய வண்டிச் சந்தையில்தான் தேட வேண்டும். பார்க்கும்போது அலாய் சக்கரங்களின் உட்புற விளிம்பில் நெளிவு உள்ளதா, முன் பம்பரின் அடியில் உரசல் எவ்வளவு, நான்கு டயர்களின் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ரன்-பிளாட் டயர்களை மாற்றும் செலவையும் கணக்கிட்டுவிட்டே விலை பேசுங்கள்.